மேல்மாடியில் பதினோரு பேர்

எங்கள் வீட்டில் இரண்டே பேர். நானும் என் மனைவியும். இந்தச் சாதாரண உண்மையை நிரூபிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் நீங்களும் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வீர்கள். கம்பெனிக் கணக்குப்படி நாங்கள் பதினோரு பேர். கம்பெனிக் கணக்கு தப்பவே தப்பாது. அதைக் கம்பெனியே சொல்லியிருக்கிறது.

எல்லாம் என் மச்சான் செய்த வேலை. கல்யாண நாள் பரிசு என்று கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குச்சியைக் கொண்டுவந்து எங்கள் டிவியின் பின்னால் செருகினான். உலகத்துப் படமெல்லாம் இனி வீட்டிலேயே வந்து கொட்டும் என்றான். "ரிமோட்டே வேணாம் மாமா. வாயால சொன்னாப் போதும், அது கேட்டுக்கும்" என்றான். எப்போதிலிருந்து எப்போது வரைக்கும் கேட்கும் என்று நான் அவனைக் கேட்டிருக்க வேண்டும். என் மரமண்டைக்கு அது எட்டவில்லை.

என் மனைவி டப்பிங் பேசுகிறவள். வெளிநாட்டுத் தொடர்களில் வாயசைக்கிறவர்களுக்கு நம் பாஷையில் குரல் கொடுப்பாள். அவளுடைய தயாரிப்பாளர் மகா கஞ்சன். ஒரு குடும்பத் தொடரில் மூச்சிரைக்கும் மாமியார், எந்நேரமும் அழுகிற மூத்த மருமகள், பாலில் விஷம் கலக்கும் இளைய மருமகள், அவளுடைய கைக்குழந்தை, வாயாடி வேலைக்காரி, வக்கீலம்மா, குறும்புக்காரப் பையன், பழிவாங்கும் பேய், கூண்டுக்கிளி எல்லாமே இவள்தான். ஆம்பிளை ஆள் வராத நாட்களில் கடத்தல்காரனும் இவள்தான். தொண்டையை இறுக்கி "அடேய்" என்று இவள் ஒரு அதட்டல் போட்டால் நானே பர்ஸை எடுத்து நீட்டிவிடுவேன்.

இதையெல்லாம் அவள் கூடத்தில், டிவிக்கு எதிரில் நின்றுதான் பயிற்சி செய்வாள். பயிற்சி முடிந்து வாயை மூடினால் மூடியதுதான். சம்பளத்துக்கு மட்டும் பேசு, மிச்ச நேரம் தொண்டைக்கு ஓய்வு கொடு என்று தொண்டை டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆகவே என்னிடம் எல்லாம் ஜாடைதான். புருவத்தைத் தூக்கினால், கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாயா என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்தால் சாப்பாடு தயார். டம்ளரை ணங்கென்று வைத்தால் என்ன தப்பு செய்தேன் என்று நானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வாடகை வீடு எங்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முதலில் இருந்த வீட்டில், கொலை நடக்கிறது என்று பக்கத்துக் குடித்தனக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த வீட்டில், பட்டப்பகலில் பேய் சிரிக்கிறது என்று கீழே இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். பாவிகள், பேய் இவள்தான் என்று எத்தனை சொன்னாலும் நம்பவில்லை. இப்போதைய வீட்டுக்காரருக்கு ஒரு காது கேட்காது. கேட்கிற காதை அவர் டிவிக்குக் கொடுத்துவிட்டார். இவள் வாய்விட்டுத் தொழில் செய்யக் கிடைத்த ஒரே கூரை இது. இதுவும் போனால் இவள் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குச்சி வந்த கொஞ்ச நாளில் விளம்பரங்கள் ஒரு தினுசாக மாறின. படம் பார்க்க உட்கார்ந்தால் முதலில் மூச்சிரைப்புக்கு மருந்து. பிறகு குழந்தைக்குப் பவுடர், கிளிக்குத் தீனி, ஜாமீன் வாங்கித் தரும் வக்கீல்கள், 'உங்கள் மருமகள் கொடுக்கும் பாலைச் சோதிக்க எளிய கருவி'. அப்புறம் ஒருநாள் 'பதினோரு பேர் கொண்ட அன்புக் குடும்பமே, வருக!' என்று திரையிலேயே எழுதிக் காட்டியது. கீழே பதினோரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் அதுவே ஒரு பெயர் வைத்திருந்தது: மூச்சிரைப்பு அம்மா, செல்லப் பாப்பா, கோபக்கார ஐயா, குறட்டைக்காரர். குறட்டைக்காரர் நான்தான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்காரர் படியேறி வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, ரெண்டே பேருன்னு சொல்லித்தானே குடி வந்தீங்க?"

"ஆமாங்க."

"பதினோரு பேரு இருக்கீங்களாமே?"

"யாருங்க சொன்னா?"

"என் டிவி சொல்லுது!"

அவரும் அதே குச்சி வைத்திருந்தார். 'மேல்மாடியில் பதினோரு பேரைக் குடிவைத்திருக்கும் உங்களுக்கு இந்தத் தண்ணீர்த் தொட்டி போதுமா?' என்று தொட்டிக் கம்பெனி விளம்பரம் அவர் வீட்டுத் திரையில் வந்திருக்கிறது. அதோடு விட்டதா? கழிவுநீர்க் குழாய்க்காரர் விளம்பரமும் வந்திருக்கிறது.

"டிவிக்கு என்னங்க தெரியும்?" என்றேன்.

"எனக்குப் பல்வலின்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சுது. பல் டாக்டர் விளம்பரம் போட்டுச்சு. உங்க வீட்ல எத்தன தலைன்னு அதுக்குத் தெரியாதா?"

உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவைத் திறந்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லாததால் அவருடைய சந்தேகம் முற்றிவிட்டது.

"எங்கேயோ வெளியே அனுப்பி வச்சிருக்கீங்க. யாரோ வயசான அம்மா மூச்சு வாங்கறத நானே ஒருநாள் கேட்டேன். இந்த மாசக் கடைசிக்குள்ள கம்பெனியே ரெண்டு பேருன்னு என் டிவியில சொல்லணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க."

என் மனைவி தன்னைத்தானே சுட்டிக் காட்டி, மூச்சிரைத்துக் காட்டி, கைகூப்பினாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கும் மூச்சு சரியில்ல போல" என்றபடி இறங்கிப் போனார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக் கட்டடம். லிஃப்டுக்குள் ஒரு திரை. ஷாம்பு விளம்பரம் முடிந்தால்தான் கதவு மூடும். நான் வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். விளம்பரமும் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உலகத்தில் எவ்வளவோ அநியாயம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

'இல்லப் புரிதல் துறை' என்ற பலகைக்குக் கீழே புரிதல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம், மாறாத சிரிப்பு. அவர் மேஜையில் ஒரு அட்டை: 'இங்கே நீங்கள் பேசுவது பரம ரகசியம். எங்கள் கூட்டாளிகளோடு மட்டுமே பகிரப்படும்.'

"உங்க கூட்டாளிகள் யாரு சார்?" என்று கேட்டேன்.

"எங்க குச்சியை வாங்கின எல்லாருமே எங்க கூட்டாளிதான் சார்."

"அப்ப என் வீட்டுக்காரரும்?"

"ரொம்ப நல்ல கூட்டாளி. பல் விஷயத்துல நல்லா ஒத்துழைச்சாரு."

நான் என் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். "புரியுது சார். உங்க பிரச்சினைக்கு ஒரே ஒரு தீர்வுதான் இருக்கு. அது என்னன்னா..." என்று சொல்லி நிறுத்தி, எழுந்து நின்று, கணீரென்று ஆரம்பித்தார். "காலையில எந்திரிக்கும்போது முதுகு வலியா? கவலை வேண்டாம்! மேகம் மெத்தைகள், படுத்தால் சொர்க்கம்!"

நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

"பயப்படாதீங்க சார். நீங்க சந்தா கட்டாத விசிட்டர். அதனால என் பதிலுக்கு நடுவுல விளம்பரம் வரும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மெத்தை விளம்பரம் நான் நல்லா பண்றேன்னு மேலிடத்துல ஒரு பேரு."

"நீங்க ஏன் சார் எங்க வீட்ல பேசறத ஒட்டுக் கேக்கறீங்க?"

அவர் முகம் வாடிப்போனது. நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டார். "ஒட்டுக் கேக்கறதுன்னா தெரியாமக் கேக்கறது சார். நாங்க உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் கேக்கறோம். விதிமுறையில இருக்கு. நீங்கதான் படிக்கல. நீங்க படிக்கலங்கறதும் எங்களுக்குத் தெரியும். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே விரலால தள்ளிட்டு 'சம்மதம்' அழுத்துனீங்க. அவ்வளவு நம்பிக்கை எங்க மேல! அந்த நம்பிக்கையை நாங்க வீணாக்குவோமா?"

"சரி சார். அந்தப் பொய் ஆளுங்கள எடுத்துடுங்க. அதுல முதல்ல அந்த மாமியார்."

"மன்னிக்கணும். இன்னொருத்தர் தகவலை உங்க பேச்சைக் கேட்டு நான் தொட முடியாது. அது அந்தம்மாவோட தனியுரிமை."

"அந்தம்மாவே இல்லையே சார்!"

"இல்லாதவங்களுக்கும் தனியுரிமை உண்டு. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"அப்ப இருக்கறவங்களுக்கு?"

"இருக்கறவங்கதான் சம்மதம் அழுத்திட்டீங்களே சார்" என்றார்.

எனக்குக் காது மடல் சூடேறிவிட்டது. ஆனாலும் வீடு என்னுடைய வீம்பைவிடப் பெரிது. பல்லைக் கடித்துக்கொண்டு வழி கேட்டேன். இன்னொரு தடவை மெத்தை விளம்பரத்தில் படுத்தெழுந்துவிட்டு வழி சொன்னார். ஒவ்வொருவரும் விலக விரும்புவதைத் தத்தம் சொந்தக் குரலில், அதிகாரி முன்னிலையில் சொல்ல வேண்டும். அதற்கு அவரே வீட்டுக்கு வருவாராம்.

சொன்னபடியே வந்தார். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, மேலே சிவப்பு விளக்கு. அதைக் குச்சியோடு இணைத்தார். சாட்சியாக வீட்டுக்காரரும் வந்து, கேட்கிற காதைப் பெட்டிப் பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டார். என் மனைவி வெந்நீரால் கொப்பளித்துவிட்டு வந்து நடுவில் நின்றாள். ஒன்பது பேரை அனுப்பிவிட்டால் மிச்சம் இருவர், அது நாங்கள்தான் என்று எங்கள் கணக்கு.

முதலில் மாமியார். "என்னால முடியலப்பா... நான் கிளம்பறேன்..." என்று இவள் மூச்சு வாங்கினாள்.

அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, நீங்க போறது எங்களுக்கு ரொம்ப வருத்தம். விளம்பரத்தைத் தள்ளிவிடாமப் பாத்த ஒரே ஆள் நீங்க. ஆறு மாசம் எல்லாத் தொடரும் இலவசமாத் தர்றோம், இருந்துட்டுப் போறீங்களா?"

"சார், பேசறது இவ சார்! உங்க கண்ணு முன்னாடிதானே நிக்கிறா!" என்று கத்தினேன்.

"கண்ணு என்னோடது சார். டேட்டா கம்பெனியோடது. டியூட்டி நேரத்துல நான் கண்ணை நம்பறதில்ல."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனிடம் வந்து பேசுகிற பேச்சா இது? மாமியார் இலவசத்தை மறுத்தாள். விலகுவது உறுதியா என்று கேட்டார். உறுதி என்றாள். உறுதி என்பது உறுதியா என்று கேட்டார். அதுவும் உறுதி என்றாள். ஏன் இப்படி எங்களை வெறுக்கிறீர்கள் என்று கேட்டார். மாமியாருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

வேலைக்காரி, வக்கீலம்மா, பையன் எல்லாம் சீக்கிரம் போய்விட்டார்கள். குழந்தை மைனர் என்பதால் அதன் தாயார் சம்மதிக்க வேண்டும் என்றார். விஷம் வைக்கும் இளைய மருமகள் வந்து குழந்தைக்காக ஒரு தரமும் தனக்காக ஒரு தரமும் சம்மதித்தாள். குழந்தையும் ஒரு வீறல் வீறியது. மூத்த மருமகள் விம்மி விடைபெற்றபோது வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினமும் மத்தியானம் அவர் பார்க்கும் தொடராம் அது. "இந்தப் பொண்ணு மட்டும் இருக்கட்டுமே தம்பி, தங்கமான பொண்ணு" என்று என்னிடம் சிபாரிசு செய்தார்.

பேய்க்கு அதிகாரி தனிச் சலுகை வைத்திருந்தார். "காலமானவங்களுக்குப் பாதி விலைதான்" என்றார். பேய் சிரித்த சிரிப்பில் பெட்டியின் விளக்கே ஒரு கணம் அணைந்து எரிந்தது.

கடத்தல்காரன் விஷயத்தில்தான் தகராறு. நயமாக விடைபெறச் சொல்லி நான் ஜாடை காட்டினேன். இவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லையாம். கலைஞர்களோடு குடித்தனம் செய்வதில் இதுதான் சிக்கல். இவள் ஓரடி முன்னால் வந்து, "அடேய்! என்னையே போறியான்னு கேக்கறியா? உன் பெட்டிய உடைச்சு உன் வாயில திணிச்சுடுவேன்!" என்று உறுமினாள்.

"நீங்க தாராளமாப் போலாம் சார்! உறுதியெல்லாம் கேக்க மாட்டேன் சார்!" என்று அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார்.

திரையில் பதினொன்று இரண்டாகிவிட்டது. அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். இனி நீங்க ரெண்டே பேர்." எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கி வைத்துத் திரையைப் படித்தார்.

"குறட்டைக்காரர்... கிளி."

மற்ற மூவரும் திரையைப் பார்த்தோம். இரண்டாவது வட்டத்தில் பச்சைக் கிளிப் படம் ஒன்று சிறகடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது.

"ரெண்டுன்னா ரெண்டுதான சார், விட்டுடுங்க" என்றார் அதிகாரி. "வீட்ல இவர் இருக்கும்போது அதிகமாப் பேசினது கிளிதான். அதனால சிஸ்டம் அப்படி எடுத்துக்கிட்டிருக்கு."

"அதெப்படி விட முடியும்?" என்று வீட்டுக்காரர் துள்ளினார். "வாடகைக்கு விடும்போதே சொல்லியிருக்கேன். நாய், பூனை, பறவை எதுவும் வளக்கக் கூடாது!"

ஆகவே கிளியையும் அனுப்பினோம். "போறேன், போறேன், அக்கா போறேன்" என்று கீச்சிட்டுவிட்டு அது பறந்தது. இப்போது திரையில் குறட்டைக்காரர் மட்டும் தன்னந்தனியாக இருந்தார்.

"அப்ப இவங்க யாரு?" என்று அதிகாரி என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் பொண்டாட்டி சார்!"

"அப்படியா? இவங்க சொந்தக் குரல் இந்த வீட்ல இதுவரைக்கும் பதிவே ஆகல சார். கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் இவங்க விருந்தாளிதான்."

வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமாகாத தனி ஆளுக்கு அவர் வீடு கொடுப்பதில்லை. பத்துப் பேரை விரட்டி வீட்டைக் காப்பாற்றப் போய், கடைசியில் கட்டினவளையே வெளியே தள்ளிவிட்டேனே என்று நெஞ்சு பதறியது.

"ஒண்ணும் கவலை வேணாம். சொந்தக் குரல்ல கொஞ்சம் பேசினாப் போதும், சேத்துடலாம். நடிப்பு மட்டும் கூடாது" என்று அதிகாரி பெட்டியை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் வாயைத் திறந்தாள். மாமியார் வந்தாள். தலையை உதறிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். வக்கீலம்மா வந்தாள். மூன்றாவது தடவை தொண்டையைப் பிடித்துக்கொண்டு முயன்றாள், கடத்தல்காரன் செருமினான். அவள் கண்கள் கலங்கிவிட்டன. எத்தனையோ பேர் அழுகையை அழுதவள் அவள். தன் அழுகையை அழுகிறாள் என்று எனக்குச் சட்டென்று தெரிந்தது. அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நானும் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் சரியாக ஞாபகம் வரவில்லை. பாவம் என்றிருந்தது, பயமாகவும் இருந்தது.

நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே என்று அதிகாரியிடம் திரும்பி அசட்டுச் சிரிப்போடு சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்க சார். இவ வீட்ல பேசவே மாட்டா. எனக்கும் அது ஒரு விதத்துல வசதிதான்."

"வசதியா?"

யாரது என்று திரும்பிப் பார்த்தேன். லேசாகக் கரகரத்த, கொஞ்சம் மூக்கால் வரும், எந்தத் தொடரிலும் கேட்காத குரல்.

"என்ன வசதி? டம்ளர வச்சா ஏன் வச்சேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கியா? நான் புருவத்தத் தூக்கினா சிலிண்டர்னு நீயா முடிவு பண்ணிக்கிட்ட. அன்னைக்கு எனக்குத் தலைவலின்னு காட்டினேன். நீ போய் சிலிண்டருக்குச் சொல்லிட்டு வர்ற! அடுக்களையில இப்ப மூணு சிலிண்டர் நிக்குது!"

பெட்டியின் விளக்கு பச்சையாகிவிட்டது. "போதும் மேடம், பதிவாயிடுச்சு" என்றார் அதிகாரி.

"நீங்க உக்காருங்க. உங்களுக்கும் இருக்கு" என்றாள். உட்கார்ந்தார். "எங்க வீட்ல நான் பேசறதக் கேக்கறதுக்கு ஒரே ஆளுதான் நான் வச்சிருக்கேன். அந்த ஆளே ஒழுங்காக் கேக்கறதில்ல. நீங்க யாரு சார் நடுவுல? பத்துப் பேர் குரலும் நான் பொழைக்கறதுக்குக் கொடுக்கறது. இது ஒண்ணுதான் என்னோடது. இதையும் பெட்டியில போட்டுக்கிட்டுப் போய் யாருக்கு மெத்தை விக்கப் போறீங்க?"

மாறாத சிரிப்பு அவர் முகத்தைவிட்டு முதல் தடவையாக இறங்கியது. பதில் சொல்ல வாயெடுத்தார், மேகம் மெத்தைகள்தான் வந்தது. பாவம், பழக்கதோஷம்.

அவள் மறுபடி என் பக்கம் திரும்பினாள். ஈரத்துண்டில் ஆரம்பித்து என் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய், அங்கிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, குறட்டைக்கு வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் ஒரு சொல் விடாமல் கேட்டார். கடைசியில் அதிகாரியின் தோளைத் தட்டினார்.

"எழுதிக்கோங்க சார். சொந்தப் பொண்டாட்டியேதான். எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்."

அப்பாடா! வீடு தப்பித்தது. அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் டிவிக்குச் செய்தி போய்ச் சேரும்வரை குச்சியைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று படியிறங்கினார். வீட்டுக்காரர் பின்னாலேயே போனார்.

இரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு மானம் போயிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் பொங்கியது. "இன்னும் கொஞ்சம் திட்டேன்" என்றேன்.

அவள் டிவிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கிட்டே வந்தாள். என் காதில் உதடு பட, அந்தக் கரகரத்த குரலில், குச்சிக்கு எட்டாமல் ஒன்று சொன்னாள்.

என்ன சொன்னாள் என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் யார் அதைக் கேட்க?